ஏழு பேருக்கான ஜீப்

எங்கள் வீட்டிலிருந்து யார் எங்கே புறப்பட்டாலும், வாசலில் கடைசியாகக் கேட்பது அத்தையின் குரலாகத்தான் இருக்கும்.

"ஐடென்டி கார்டு எடுத்தீங்களா? புள்ளைக்குத் தண்ணி? சரி, போயிட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கிறேன்."

பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். ஆட்டோ எங்கள் சந்தின் முனையைத் திரும்புவதற்குள் வீட்டில் வானொலி பாடத் தொடங்கிவிடும். நாங்கள் எல்லோரும் வெளியே போவது அவருக்கு ஒரு விடுதலையோ என்று கல்யாணமான புதிதில் நினைத்திருக்கிறேன். பிறகு, அப்படி நினைத்தது எனக்குச் சௌகரியமாக இருந்ததால்தான் நினைத்தேனோ என்றும் நினைத்திருக்கிறேன். இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது.

அவர் என் கணவருடைய அப்பாவின் அக்கா. கட்டையான உருவம், வேகமான நடை. வெற்றிலை போட மாட்டார். ஆனால் வாயில் எப்போதும் ஒரு கராம்பு அடங்கியிருக்கும். என் கணவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குப் போடுகிறவர். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சாக்கிலிருந்தும் அத்தை ஒரு பிடி எடுத்துக்கொள்வார். "எனக்குக் கமிஷன்" என்பார்.

போகாத இடங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு, போய்வந்த எங்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டிலிருந்து திரும்பினால் செருப்பைக் கழற்ற விட மாட்டார். பொண்ணு அழுதாளா, மாப்பிள்ளையோட தாய்மாமன் எங்கே நின்றான், சாம்பாரில் உப்பு எப்படி, யார் யாரோடு பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் சந்தில் அதையே கதையாகச் சொல்வார். ஒருமுறை எதிர்வீட்டு அக்கா, தானே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்ல, அத்தை இடைமறித்தார்.

"இல்லடி, பாயாசம் ரெண்டாவது பந்திக்கு வரல. நீ முதப் பந்தியில உக்காந்திருப்ப."

அந்த அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா அத்தை, நான் முதப் பந்திதான்" என்றார்.

என்னுடைய கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ்ஸில் கடைசி நேரத்தில் யாரோ உறவினர்கள் ஏறிவிட்டார்களாம். மாப்பிள்ளையை வளர்த்தவரே இறங்கி, "வீட்டை ஒருத்தர் பாக்கணும்ல" என்று உள்ளே போய்விட்டார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் கடைசிப் பக்கத்தில் மட்டும் இருக்கிறார். ஆரத்தித் தட்டைப் பிடித்த இரண்டு கைகளும் அரை முகமும்.

"உங்களை யாரும் இழுத்து ஏத்தலையா அத்தை?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"இழுத்தாங்க. நான் என்ன ஆடா, இழுத்தா ஏறுறதுக்கு?"

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று என் கணவர்தான் சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இரத்தோட்டைக்கு மேலே அவர்கள் இருந்த தோட்டத்திலிருந்து பல குடும்பங்கள் கிளிநொச்சிப் பக்கம் போயின. அங்கே காடு வெட்டினால் காணி கிடைக்கும், யாரும் வந்து வீட்டைக் கொளுத்த மாட்டார்கள் என்று பேச்சு. ஒரு லொறி பிடித்தார்கள். அத்தைக்கு அப்போதே புருஷன் இல்லை. ஒரே மகன் லிங்கம், மீசை முளைக்கத் தொடங்கியிருந்த வயது. அத்தையும் மகனும் ஏறிவிட்டார்கள். என் கணவரின் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. லொறி புறப்படும் நேரத்தில் அத்தை தன் மூட்டையை மகனிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

"இவளுக்கு உடம்பு தேறட்டும். நான் அடுத்த லொறியில வர்றேன்."

உடம்பு தேறவில்லை. மாமனார் முன்பே இல்லை; மாமியாரும் இறந்தபோது என் கணவருக்கு ஒன்பது வயது. அத்தை அவரை வளர்த்தார். அடுத்த லொறி என்று ஒன்று வந்ததா என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் வடக்குக்குப் போகும் வீதி திறந்தது. அப்போது லிங்கம் அண்ணன் ஒருமுறை வந்தார். நல்ல உயரம். எங்கள் வாசலில் குனிந்து நுழைந்தவர், நிமிர்ந்தபோது உள் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். அத்தை சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய மனுஷி போலில்லாமல், ஒரு சின்னப் பெண் போலச் சிரித்தார். தங்கியிருந்த நாட்களெல்லாம் அண்ணன் ஒரே பாட்டுத்தான்.

"வாங்கம்மா. வீடு கட்டியிருக்கேன். கிணறு இருக்கு. மருமக இருக்கா. ரெண்டு பேரப்புள்ளைங்க இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

"இவளுக்கு மாசம் ஏழு. பிரசவம் முடியட்டும். அப்புறம் வர்றேன்."

'இவள்' நான்தான். நான் அன்றைக்கு, "என் அம்மா வந்து பார்த்துக்குவாங்க, நீங்க போங்க அத்தை" என்று சொன்னேன். நிச்சயமாகச் சொன்னேன். அத்தை காதில் வாங்கவில்லை. மகன் பிறந்தான், அவனுக்கு மாந்தம், வயிற்றோட்டம், தடுப்பூசிக் காய்ச்சல் என்று நாட்கள் போயின. அதற்குள் வீதியைத் திரும்ப மூடிவிட்டார்கள்.

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது என் அம்மாவும் அப்பாவும் எங்களோடு வந்து தங்கினார்கள். அப்போதுதான் வண்டி வாங்கும் பேச்சு எழுந்தது. என் கணவருக்கு மலையேறும் வேலை. என் அப்பாவுக்குக் கண்டியில் மாதாமாதம் கிளினிக். கணவர் ஒரு சின்னக் கார் போதும் என்றார். நான் ஏழு பேர் ஏறும் ஜீப்தான் வேண்டும் என்றேன். பொதுவாக எதையும் பிடிவாதமாகக் கேட்கிறவள் இல்லை நான். ஒரு சேலை எடுத்தாலும் கடைக்காரரிடம் திரும்பிப் போய் மாற்றுகிறவள். அதனால் அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நம்ம வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

அவர் வயிற்றில் இருப்பதையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஆனால் அது வண்டி வாங்கக்கூடிய காலம் இல்லை. வரியைக் கூட்டியிருந்தார்கள். புது வண்டி இறங்குவது நின்றுபோய், கையிலிருப்பதை எல்லோரும் விற்க மனமில்லாமல் வைத்திருந்தார்கள். காலையில் பத்திரிகையில் பார்த்து அழைத்தால், "அது நேத்தே போயிருச்சு" என்பார்கள். லீசிங்கில் வண்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பெனிகளும் கையை இறுக்கிக்கொண்டன. வியாபாரியின் வருமானம் அவர்களுக்கு வருமானமாகத் தெரியவில்லை. அரசாங்க ஆசிரியை என்பதால் என் பெயரில் எழுதலாம் என்றார்கள். பிணைக்கு வருவதாகச் சொன்ன ஒரு ஆசிரியர் முதல் நாள் சரியென்று சொல்லி, மறுநாள் என்னைக் கண்டு நூலகத்துக்குள் போய்விட்டார். தமிழர் பெயரில் ஒரு பெரிய வண்டி, அது நாளைக்கு எங்கே ஓடுமோ என்ற பயம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே அவர் இடத்தில் இருந்திருந்தால் நூலகத்துக்குள்தான் போயிருப்பேன்.

லீசிங் அலுவலகத்தில் இருந்த இளைஞர், "மிஸ், அஞ்சு பேருக்குன்னா இந்தக் கிழமையே வண்டி தரலாம். ஏழு பேருக்குன்னா காத்திருக்கணும். எதுக்கு மிஸ் அவ்வளவு பெரிசு?" என்றார். வெளியே வந்ததும், அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றியது. அன்று இரவெல்லாம் கணவரைத் தூங்கவிடாமல் கேட்டேன். அவர், "நீதானே பெரிசு வேணும்னே. இப்போ நீயே வேணாங்கிறியா?" என்றார். வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு தரகர் வந்தார். நகரத்து முஸ்லிம் மனிதர், வாய் ஓயாமல் பேசுகிறவர். வண்டிகளை நேராக எங்கள் சந்துக்கே ஓட்டிக்கொண்டு வருவார். முதலில் ஒரு வெள்ளை வான் கொண்டுவந்தார்.

அத்தை வாசலை விட்டு இறங்காமலே சொன்னார். "தம்பி, இதுல நாங்க வந்து இறங்கினா எதிர்வீட்டுக்காரங்க கதவைச் சாத்திட்டு மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கொண்டு போங்க."

தரகர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். அந்த நாட்களில் வெள்ளை வான் என்றால் யாரையோ பிடித்துக்கொண்டு போக வந்தது என்றுதான் அர்த்தம்.

அடுத்து வந்த ஜீப்பைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறக்கச் சொன்னார் அத்தை.

"இது ஆள் இருக்கிற சீட்டா, தேங்கா போடுற இடமா?"

"ஆள் இருக்கிறதும்மா. சொகுசா இருக்கலாம்."

"நீங்க ஏறி உக்காருங்க பாப்போம். நிமிந்து."

தரகர் ஏறி உட்கார்ந்தார். தொப்பி கூரையில் தட்டியது.

"பத்தாது. இன்னும் ஒரு சாண் உசரம் வேணும்."

"அம்மா, உங்க வீட்டில அவ்வளவு உசரமான ஆள் யாரு? நான் இந்த வீட்டில எல்லாரையும் பாத்துட்டேனே."

"நீங்க பாக்காத ஆள் ஒருத்தர் இருக்கார்."

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அத்தைக்கு ஒரு இடம் வேண்டும் என்று நான் ஜீப் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை லிங்கம் அண்ணனின் தலை இடிக்காத ஜீப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்று அனுப்பிய வண்டிகளுக்குப் பிறகு, நாவுலப் பக்கத்து விவசாயி ஒருவருடைய பழைய ஜீப் கிடைத்தது. கரும்பச்சை நிறம். கூரை உயரம். தரகர் முந்திக்கொண்டு தானே பின்னால் ஏறி உட்கார்ந்து, தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். அத்தை தலையசைத்தார்.

ஜீப் வந்த நாளில் கோயிலில் பூசை செய்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். எல்லோரும் ஏறி நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். அத்தை மட்டும் வரவில்லை.

"இப்போதான் இடம் இருக்கே அத்தை" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது.

"இடம் இருக்குடி டீச்சர். போன் வந்தா யாரு எடுக்கிறது?"

லிங்கம் அண்ணன் இருந்த வன்னியில் சண்டை உக்கிரமாகிவிட்ட மாதங்கள் அவை. வீட்டு டெலிபோன் கூடத்தில் ஒரு முக்காலியில் இருந்தது. அதைவிட்டு அகலக் கூடாது என்று வைத்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போகவில்லை. கிணற்றடியில் துணி துவைக்கும்போதும் கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார். நாங்கள் மற்ற ஆறு பேரும் ஜீப்பில் போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் பின்வரிசையில் ஓர் இருக்கை சும்மா வந்தது. அதற்கும் சேர்த்து மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு உறுத்தும். அப்படி நினைத்ததற்காக அடுத்த நிமிடமே வெட்கமாக இருக்கும்.

யுத்தம் முடிந்தது என்று ஊரில் வெடி கொளுத்தினார்கள். அத்தை ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடும் என்று டெலிபோன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அழைப்பு வந்தது சில மாதங்கள் கழித்து, ஒரு பகல் வேளையில். நான் பாடசாலையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து லிங்கம் அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில். அத்தை பேசியது எல்லாமே இவ்வளவுதான்: "இருக்கீங்களா? … புள்ளைங்க? … கால்லயா? … சரி. பேசாத. நாங்க வர்றோம்."

அந்த நாட்களில் டெலிபோனில் ஆண்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாது. பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு யாராவது முகாமுக்குள் போய்விடுவார்கள் என்று பயம். பிள்ளைகளைக் கேட்கலாம், உடம்பைக் கேட்கலாம். புருஷனைக் கேட்கக் கூடாது. அத்தை கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை.

"இருக்காங்க" என்று மட்டும் அத்தை எங்களிடம் சொன்னார். "மூத்தவளுக்குக் கால்ல காயம். மடக்க முடியாதாம்."

உறவினர் வந்து பொறுப்பெடுத்தால் வெளியே விடத் தொடங்கியிருந்த சமயம். என் கணவர் அலைந்து தேவையான கடிதங்களை எடுத்தார். போவதற்கு முதல் நாள் சாயங்காலம், யார் எங்கே உட்காருவது என்று பேசினோம். அவர் ஓட்டுவார். வண்டி என் பெயரில் இருப்பதால் சோதனைச் சாவடிகளில் நான் கூட இருப்பது நல்லது என்று சொல்லியிருந்தார்கள். பால் குடிக்கிற குழந்தையை விட்டுப் போக முடியாது. ஆக முன்னால் நாங்கள். நடு வரிசையில் காயம்பட்ட பெண்ணைப் படுக்க வைக்க வேண்டும், தலைமாட்டில் அண்ணி. பின்னால் இரண்டு இருக்கைகள். லிங்கம் அண்ணனும் சின்னவனும்.

"நான் நிக்கிறேன் அத்தை. நீங்க போங்க. பெத்தவங்க நீங்கதானே" என்றேன்.

"வண்டி உன் பேர்ல. புள்ள உன் மடியில. அங்க சிங்களத்துல கேப்பான், நான் என்னத்தைப் பேச? நீ போ."

"அப்படின்னா பின்னாடி சேர்ந்து உக்காரலாம். ரெண்டு சீட்டில் மூணு பேர். சின்னவனை மடியில் வச்சுக்கலாம்" என்றார் என் கணவர்.

அத்தை அவரைப் பார்த்தார். "அவன் அந்த உடம்பை வச்சுக்கிட்டு எத்தனை மாசம் பங்கருக்குள்ள மடங்கி உக்காந்திருப்பான்? வீட்டுக்கு வரும்போதாவது காலை நீட்டிக்கிட்டு வரட்டும்டா."

விடியற்காலையில் புறப்படும்போது அத்தை இடியப்பப் பொட்டலமும், லிங்கம் அண்ணன் உடுத்திக்கொள்ளப் புதுச் சாரம் ஒன்றும் கொடுத்தார். சாரத்தின் விளிம்பில் இன்னொரு துண்டுத் துணி சேர்த்துத் தைத்திருந்தார். கடையில் அண்ணன் உயரத்துக்குக் கிடைக்கவில்லையாம்.

அண்ணி முகாம் வாசலுக்கு வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. காயம்பட்ட பெண் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, சின்னவன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு. என் கணவர் அவர்களைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றார். வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"அவரு இல்ல அண்ணே" என்றார் அண்ணி. "சித்திரை மாசம். புள்ளைக்குத் தண்ணி எடுக்கப் போனாரு, ஷெல் விழுந்திச்சு. அங்கயே பொதைச்சிட்டோம். போன்ல அத்தைகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

நான் சாரத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் பையும் தடியும் எங்கள் கால்களுக்குள் இடித்துக்கொண்டு வந்தன. பின்னால் சின்னவன் ஒரு இருக்கையில்; பக்கத்து இருக்கை சும்மா இருந்தது. அதில் பையை வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மதவாச்சிச் சாவடியில் இராணுவ வீரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். முன்னால் இத்தனை நெரிசல், பின்னால் இடமா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"யார் இறங்கிப் போனது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"யாரும் இறங்கவில்லை" என்றேன்.

அவர் இன்னொரு முறை அந்த இருக்கையைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தியபோது வீட்டுக்கு அழைத்துச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். என் கணவர் வேண்டாம் என்றார். "நாம பக்கத்துல இல்லாம கேக்கக் கூடாது." அது சரியா தவறா என்று இப்போதும் எனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருந்தால், அத்தை வாசலில் நின்று பார்க்காமலாவது இருந்திருப்பார்.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டோம். கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தை நின்றார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். நாங்கள் இறங்கினோம். என் கணவரும் அப்பாவும் பெண்ணைத் தூக்கி இறக்கினார்கள். அத்தை அவள் கன்னத்தைத் தொட்டார். கண் மட்டும் வண்டியிலேயே இருந்தது. பிறகு பின்பக்கமாகப் போய், தானே கைப்பிடியைத் திருகிப் பின்கதவைத் திறந்தார். சின்னவன் குதித்து இறங்கினான்.

அத்தை கதவைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணி ஓடிவந்து அவர் காலில் விழுந்தார். "அத்தை" என்றார். அத்தை குனியவும் இல்லை, அழவும் இல்லை.

"அப்ப எடம் இருந்திச்சா?" என்று கேட்டார்.



அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் கால் வைத்து ஏறினார். உயரமான படி. என் கணவர் தாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். காலியாக வந்த இருக்கையில் உட்கார்ந்தார். கட்டையான மனுஷி, கூரைக்கும் அவர் தலைக்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல முன்னால் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணியும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கணவர் சாவியோடு முற்றத்தில் நின்றார். நான் பின்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாத்திவிடுவதா, திறந்தே வைத்திருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.